வேர்ட் கோப்பு வீங்கிவிட்டதா? அறிகுறி வாரியாக ஒரு பிழை நீக்கும் வழிமுறை

ஆய்வேடுகளையும் திட்ட அறிக்கைகளையும் வடிவமைத்துக் கொடுப்பது என் தொழில். சமர்ப்பிக்கும் நாளுக்கு முந்தைய மாலையில், 150 எம்பி, 200 எம்பி என்று வீங்கிய வேர்ட் கோப்புகளைப் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு வரும் ஆய்வு மாணவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன். படங்கள் முப்பதுதான் இருக்கின்றன என்று எல்லோரும் தவறாமல் சொல்வார்கள். எத்தனை படங்கள் என்று கேட்பதை நான் நிறுத்திப் பல காலம் ஆகிவிட்டது. படம் கைபேசியிலிருந்து வந்ததா, ஸ்கேனரிலிருந்து வந்ததா, எக்செலிலிருந்து அப்படியே ஒட்டப்பட்டதா என்பதைப் பொறுத்தே கோப்பின் பருமன் அமைகிறது. அந்த முப்பதில் மூன்றோ நான்கோதான் முக்கால்வாசி இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும்.

கீழே சொல்லப்படுபவை விண்டோஸில் இயங்கும் வேர்ட் 2016-க்கும் அதற்குப் பிந்தைய பதிப்புகளுக்கும் பொருந்தும். பழைய பதிப்புகளில் கட்டளைகளின் இடம் சற்று மாறியிருக்கலாம்.

## எந்த அறிகுறியானாலும் முதலில் செய்ய வேண்டியது

கோப்பை நகல் எடுத்து, மூலத்தை வேறு இடத்தில் வைத்துவிடுங்கள். இனிச் செய்யும் எதையும் நகலில் மட்டுமே செய்யுங்கள். படங்களைச் சுருக்கிச் சேமித்து, கோப்பையும் மூடிவிட்டால், இழந்த தெளிவைத் திரும்பப் பெற வழி கிடையாது.

அடுத்து, கோப்பின் உள்ளே பாருங்கள். வேர்ட் 2007 முதல் வழக்கத்துக்கு வந்த டாக்எக்ஸ் என்பது உண்மையில் ஒரு ஜிப் பொட்டலம்தான். எக்ஸ்ப்ளோரரில் வியூ பகுதிக்குச் சென்று கோப்புப் பெயர்களின் நீட்சி தெரியுமாறு செய்துகொண்டு, நகலின் பெயரில் டாக்எக்ஸ் என்றிருப்பதை ஜிப் என்று மாற்றுங்கள். விண்டோஸ் எச்சரிக்கும், சம்மதித்துவிடலாம். திறந்து உள்ளே சென்றால் 'வேர்ட்' என்ற உறையும் (ஃபோல்டர்), அதனுள் 'மீடியா' என்ற உறையும் இருக்கும். அதில் உள்ளவற்றை அளவின்படி வரிசைப்படுத்தினால், எந்தப் படம் எத்தனை எம்பி என்பது இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். அதே இடத்தில் 'எம்பெடிங்ஸ்', 'ஃபான்ட்ஸ்' என்ற உறைகளும் இருக்கின்றனவா என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். இங்கிருந்து எதையும் அழித்துவிடாதீர்கள். ஒரு படத்தை உள்ளிருந்து உருவிவிட்டால், அதைத் தேடும் ஆவணம் பழுதடைந்ததாகக் காட்டப்படலாம். பார்த்து முடித்ததும் நகலின் பெயரை மீண்டும் டாக்எக்ஸ் என்று மாற்றிவிடுங்கள்.

மீடியா உறையே பெரிதாக இருந்தால் அடுத்த பகுதியைப் படியுங்கள். மீடியா சிறியதாக இருந்தும் கோப்பு பெரிதாக இருந்தால், அதற்கடுத்த பகுதிக்கு நேராகச் சென்றுவிடலாம்.

## அறிகுறி: கோப்பு மின்னஞ்சலில் செல்ல மறுக்கிறது, மீடியா உறை பெரிதாக இருக்கிறது

ஜிமெயிலில் இணைப்பின் வரம்பு 25 எம்பி. ஆனால் 24 எம்பி கோப்பு போய்விடும் என்று நம்பி இருக்கக் கூடாது. மின்னஞ்சலுக்காக இணைப்பைக் குறியாக்கும்போது ஒவ்வொரு 3 பைட்டும் 4 எழுத்துகளாக மாறுவதால், அளவு மூன்றில் ஒரு பங்கு கூடிவிடுகிறது. 18 எம்பிக்குள் கோப்பை நிறுத்திக்கொள்வதே நிம்மதி.

### கைபேசிப் படம் அப்படியே நுழைந்திருக்கிறது

மிகவும் அடிக்கடி காணப்படும் காரணமும், மிக எளிதில் தீர்வதும் இதுதான். 12 மெகாபிக்சல் கைபேசிப் படம் 4000 × 3000 பிக்சல் கொண்டது. ஏ4 தாளில் ஓரங்கள் போக 6 அங்குல அகலத்தில் அதை வைத்தால் ஓர் அங்குலத்துக்கு ஏறத்தாழ 667 பிக்சல் விழுகிறது. அச்சுக்கு 220 போதும். அதற்கு 1320 பிக்சல் அகலம்தான் வேண்டும். தேவையைப் போல ஒன்பது மடங்கு பிக்சல்களைக் கோப்பு சுமந்துகொண்டிருக்கிறது. மூலையைப் பிடித்து இழுத்துப் படத்தைச் சிறிதாக்கினால் தாளில் தெரியும் அளவு மட்டுமே குறையும். உள்ளே 4000 பிக்சலும் அப்படியே இருக்கும்.

ஏதேனும் ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்தால்தான் மேலே பிக்சர் ஃபார்மட் என்ற பட்டை தோன்றும். அதில் கம்ப்ரஸ் பிக்சர்ஸ் கட்டளையைத் திறந்து, இந்தப் படத்துக்கு மட்டும் என்று பொருள்படும் முதல் கட்டத்தில் உள்ள டிக்கை எடுத்துவிட வேண்டும். பலர் தவறுவது இங்கேதான்: டிக்கை எடுக்காமல் ஒரே ஒரு படத்தைச் சுருக்கிவிட்டு, கட்டளை வேலை செய்யவில்லை என்று கோபித்துக்கொள்வார்கள். பைண்டிங்குக்குப் போகும் ஆய்வேட்டுக்கு 220 பிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 220 பிக்சல்), நெறியாளர் திரையில் படித்துத் திருத்துவதற்கு 150, மின்னஞ்சலில் பார்த்துவிட்டு விடுவதற்கு 96 என்று தேர்ந்தெடுக்கலாம். ஆவணத்தைச் சேமித்த பிறகே அளவு மாறும்.

சில தெரிவுகள் மங்கலாக, தேர்ந்தெடுக்க முடியாதபடி காணப்படலாம். தேர்ந்தெடுத்த படம் ஏற்கெனவே அந்த அடர்த்திக்குக் கீழே இருக்கிறது என்பதே அதன் பொருள். குற்றவாளி வேறொரு படம்; மீடியா உறைக்குத் திரும்பிச் சென்று பெரியதைக் கண்டுபிடித்து, அதைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு கட்டளையைத் திறங்கள்.

### வெட்டிய பகுதி உள்ளேயே இருக்கிறது

கிராப் செய்து நீக்கியதாக நாம் நினைக்கும் ஓரங்கள் நீங்குவதில்லை, மறைக்கப்படுகின்றன. கம்ப்ரஸ் பிக்சர்ஸ் பெட்டியில், வெட்டிய பகுதிகளை நீக்கும் கட்டத்தில் டிக் இருக்க வேண்டும். இதில் இடம் மட்டும் அன்றி மானமும் அடங்கியிருக்கிறது. அடையாள அட்டையின் எண் தெரியக் கூடாது என்று வெட்டி அனுப்பிய படத்தை, பெறுபவர் கிராப் கருவியை மீண்டும் சொடுக்கி முழுதாக விரித்துப் பார்த்துவிட முடியும்.

### ஒளிப்படம் பிஎன்ஜி வடிவில் இருக்கிறது

திரைப்பிடிப்பாக எடுத்து ஒட்டிய படங்கள் பிஎன்ஜி வடிவில் சேர்வது வழக்கம். வரைபடத்துக்கும் அட்டவணைக்கும் எழுத்து நிறைந்த திரைக்கும் பிஎன்ஜி பொருத்தமானது. மரம், முகம், நுண்ணோக்கிக் காட்சி போன்ற ஒளிப்படத்துக்கு அதே வடிவம் ஜேபெக்கைப் போலப் பல மடங்கு இடத்தை எடுக்கும். மீடியா உறையில் 8 எம்பி, 10 எம்பி என்று பிஎன்ஜி தென்பட்டால், அதைப் பெயின்ட்டில் திறந்து ஜேபெக்காகச் சேமியுங்கள். வேர்டில் அந்தப் படத்தின் மீது வலது சொடுக்கில் சேஞ்ச் பிக்சர் கொடுத்துப் புதியதைத் தேர்ந்தெடுத்தால், அளவும் இடமும் பெரும்பாலும் கலையாமல் மாறிவிடும். வரைபடங்களை மட்டும் இப்படி மாற்றாதீர்கள். ஜேபெக்கில் மெல்லிய கோடுகளைச் சுற்றிப் புழுதி படிந்தாற்போல் தெரியும்.

### ஸ்கேன் செய்த தாள்

ஏ4 தாளை 300 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) ஸ்கேன் செய்தால் 2480 × 3508 பிக்சல். வண்ணத்தில் சுருக்கப்படாமல் 26 எம்பி. 600 டிபிஐயில் நான்கு மடங்காகும். கையொப்பமிட்ட சான்றிதழ்ப் பக்கத்துக்குச் சாம்பல் நிறத்தில் 200 டிபிஐ தாராளம். ஒரு முறை, எந்தப் படத்தைச் சுருக்கியும் அசையாத கோப்பு ஒன்றின் பெரும்பகுதி எடையும் முதல் பக்கத்தின் தலைப்பில் கட்டைவிரல் நகம் அளவில் இருந்த சின்னத்தில் இருந்தது. யாரோ லெட்டர்பேடை 600 டிபிஐயில் முழுத் தாளாக ஸ்கேன் செய்து, சின்னத்தை மட்டும் கிராப் செய்திருந்தார்கள்.

### மீடியா உறையில் டபிள்யூடிபி என்று முடியும் கோப்புகள்

படத்தின் பின்புலத்தை வேர்டிலேயே நீக்கினாலோ ஓவியம் போன்ற விளைவுகளைக் கொடுத்தாலோ, பழைய நிலைக்குத் திரும்ப வசதியாக மூலப் படத்தையும் வேர்ட் இந்த வடிவில் பத்திரப்படுத்துகிறது. ஃபைல், ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு என்று சென்று, இமேஜ் சைஸ் அண்டு குவாலிட்டி என்ற இடத்தில் டிஸ்கார்டு எடிட்டிங் டேட்டா கட்டத்தை டிக் செய்து சேமித்துவிட்டால் போய்விடும். அதற்குக் கீழேயே, படங்களைச் சுருக்க வேண்டாம் என்று சொல்லும் கட்டமும் இருக்கிறது. அது டிக் ஆகியிருந்தால் வேர்ட் தானாக எதையும் சுருக்காது. வேண்டுமென்றே வைத்ததாக இல்லாவிட்டால் எடுத்துவிடுங்கள்.

## அறிகுறி: படங்கள் சிறியவை, ஆனாலும் கோப்பு பெரிது

எம்பெடிங்ஸ் உறையைத் திறந்து பாருங்கள். அங்கே எக்செல் கோப்புகள் இருந்தால் காரணம் கிடைத்துவிட்டது. எக்செலிலிருந்து ஒரு வரைபடத்தை ஒட்டும்போது எம்பெட் என்ற தெரிவு விழுந்திருந்தால், அந்த வரைபடத்தோடு முழு ஒர்க்புக்கும் உள்ளே வந்திருக்கும். பத்து வரைபடங்கள் என்றால் பத்து முறை வந்திருக்கும். கேள்வித்தாளுக்குப் பதிலளித்தவர்களின் பெயரும் தொலைபேசி எண்ணும் அடங்கிய தாள் ஒன்று, முதல் அத்தியாயத்தின் வட்ட வரைபடத்துக்குள் உட்கார்ந்துகொண்டு தேர்வாளர் வரைக்கும் பயணம் செய்ததை நான் பார்த்திருக்கிறேன். வரைபடத்தை நீக்கிவிட்டு, எக்செலிலிருந்து மீண்டும் நகலெடுத்து, ஒட்டும்போது தோன்றும் தெரிவுகளில் பிக்சர் என்பதைத் தேர்ந்தெடுங்கள். பின்னால் எண்கள் மாறக்கூடும் என்றால் எக்செல் மூலத்தைத் தனியே பாதுகாத்து வைத்துக்கொள்ள வேண்டும்; படமாக ஒட்டிய வரைபடத்தைத் திருத்த முடியாது.

'பின்' (bin) என்ற நீட்சியில் முடியும் கோப்புகள் இருந்தால் அவை ஆரிஜின் போன்ற வரைபட மென்பொருள்களிலிருந்து ஒட்டிய பொருள்களாக இருக்கலாம். அந்த மென்பொருளிலேயே 300 டிபிஐ பிஎன்ஜியாக ஏற்றுமதி செய்து சேர்ப்பதே நல்லது.

எம்பெடிங்ஸ் காலியாக இருந்தால் ஃபான்ட்ஸ் உறையைப் பாருங்கள். நெறியாளரின் கணினியில் தமிழ் எழுத்துரு கட்டம் கட்டமாகத் தெரிகிறது என்பதற்காக யாரோ எழுத்துருக்களைக் கோப்புக்குள் புதைக்கச் சொல்லியிருப்பார்கள். சாய்வு, தடிப்பு என ஒவ்வொரு முகமும் தனிக் கோப்பாக நுழையும். பல மொழிகளின் எழுத்துகளைத் தாங்கிய ஏரியல் யூனிகோட் எம்எஸ் போன்ற எழுத்துரு ஒன்றே 20 எம்பியைத் தாண்டும். ஃபைல், ஆப்ஷன்ஸ், சேவ் என்ற பக்கத்தின் அடியில் இந்தத் தெரிவு இருக்கிறது. விண்டோஸோடு வரும் நிர்மலா யுஐயில் தட்டச்சு செய்திருந்தால் புதைக்கும் தேவையே பெரும்பாலும் இல்லை. தேவைப்பட்டால், ஆவணத்தில் பயன்பட்ட எழுத்துகளை மட்டும் சேர்க்கும் கட்டத்தை டிக் செய்யுங்கள். ஆனால் மறுமுனையில் இருப்பவர் அதே கோப்பில் திருத்தம் எழுத வேண்டியிருந்தால் அந்தக் கட்டம் உதவாது.

கோப்பு இன்னும் பழைய டாக் வடிவில் இருந்தால், இந்தச் சோதனை எதையும் செய்ய முடியாது, ஏனெனில் அது ஜிப் அல்ல. ஃபைல், இன்ஃபோவில் கன்வெர்ட் கொடுத்து டாக்எக்ஸாக மாற்றினாலே பல நேரங்களில் அளவு இறங்கிவிடும். ஆர்டிஎஃப் இன்னும் மோசம்: படத்தின் ஒவ்வொரு பைட்டையும் இரண்டு எழுத்துகளாக எழுதி வைக்கும் வடிவம் அது.

## அறிகுறி: படங்களை நீக்கிய பிறகும் அளவு குறையவில்லை

முதலில் ரிவ்யூ பட்டையில் டிராக் சேஞ்சஸ் இயங்குகிறதா என்று பாருங்கள். அது இயங்கும்போது நீக்கிய படம், மாற்றத்தை ஏற்கும் வரை கோப்புக்குள்ளேயே காத்திருக்கும். நெறியாளரின் திருத்தங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்த பின் அனைத்தையும் ஏற்று, டிராக் சேஞ்சஸை நிறுத்திச் சேமியுங்கள். திருத்தங்களைப் படிக்காமலே ஒட்டுமொத்தமாக ஏற்பது ஆபத்து என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அப்படியும் குறையாவிட்டால், பார்வைக்கு வராத இடங்களில் படம் இருக்கலாம்: தலைப்பு, அடிப்பகுதி, வாட்டர்மார்க், மறைக்கப்பட்ட எழுத்து. ஃபைல், இன்ஃபோ, செக் ஃபார் இஷ்யூஸ் வழியாக இன்ஸ்பெக்ட் டாக்குமென்ட் ஓட்டினால் எங்கெங்கே என்ன இருக்கிறது என்று பட்டியலிடும். ரிமூவ் ஆல் பொத்தானை அவசரப்பட்டு அழுத்தினால் பக்க எண்களும் தலைப்போடு சேர்ந்து போய்விடும்.

எதுவும் புலப்படாதபோது நான் செய்வது: கடைசிப் பத்திக் குறியை மட்டும் விட்டுவிட்டு மற்ற அனைத்தையும் நகலெடுத்து, புதிய வெற்று ஆவணத்தில் ஒட்டிச் சேமிப்பேன். பழைய கோப்பின் கண்ணுக்குத் தெரியாத சுமைகள் பல அந்தக் கடைசிக் குறியோடு ஒட்டிக்கொண்டு பின்தங்கிவிடும். பக்க அமைப்பையும் பக்க எண்ணையும் பிறகு சரிபார்க்க வேண்டும்.

## அறிகுறி: சுருக்கிய பிறகு படம் மங்கிவிட்டது

96 பிபிஐ தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கும், அல்லது படத்தைத் தாளில் சிறியதாக வைத்துச் சுருக்கிவிட்டுப் பிறகு இழுத்துப் பெரிதாக்கியிருப்பீர்கள். கோப்பை மூடாமல் இருந்தால் அன்டூ செய்து பார்க்கலாம். மூடிவிட்டிருந்தால் எடுத்து வைத்த மூலத்துக்குத்தான் திரும்ப வேண்டும். அளவை இறுதி செய்த பிறகே சுருக்க வேண்டும் என்ற வரிசையை மாற்றாதீர்கள்.

நூலாக ஆஃப்செட்டில் அச்சாகப் போகும் ஆவணம் என்றால் வேர்டில் எதையும் சுருக்காமல் நிறுத்திவிட்டு, அச்சகத்தின் வடிவமைப்பாளரைக் கேளுங்கள். அவர்கள் 300 பிபிஐ மூலப் படங்களைத் தனித்தனியாகக் கேட்பார்கள்.

## அறிகுறி: அளவு சுமார்தான், ஆனால் பக்கத்தை நகர்த்தினால் திணறுகிறது

மீடியா உறையில் இஎம்எஃப் என்று முடியும் கோப்புகளைத் தேடுங்கள்; படத்தைக் கோடு, புள்ளி என வரையும் கட்டளைகளாகச் சேமிக்கும் வடிவம் அது. ஆயிரக்கணக்கான புள்ளிகள் கொண்ட வரைபடம் இந்த வடிவில் இருந்தால், திரைக்கு வரும் ஒவ்வொரு முறையும் வேர்ட் ஒவ்வொரு புள்ளியையும் புதிதாக வரைகிறது. இந்த வகைப் படத்தைக் கம்ப்ரஸ் கட்டளை தொடாது. நகலெடுத்துப் பேஸ்ட் ஸ்பெஷலில் பிஎன்ஜியாக ஒட்டினால் திணறல் நின்றுவிடும்.

எழுதி முடிக்கும் வரை தற்காலிக நிவாரணம் வேண்டும் என்றால், ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு பகுதியில் ஷோ பிக்சர் பிளேஸ்ஹோல்டர்ஸ் என்பதை டிக் செய்யுங்கள். படங்களுக்குப் பதிலாக வெற்றுக் கட்டங்கள் தெரியும். வரியோடு வரியாக வைத்த படங்களுக்கு மட்டுமே இது பொருந்தும். எழுத்தைச் சுற்றவிட்டு மிதக்கும் படங்களுக்குப் பொருந்தாது. பென்டிரைவிலிருந்தே திறந்து வேலை செய்கிறீர்களா என்பதையும் பாருங்கள். கோப்பைக் கணினிக்கு நகலெடுத்து வேலை செய்துவிட்டு இறுதியில் திருப்பிப் போடுவதே சரி.

## அறிகுறி: வேறு கணினியில் படத்துக்குப் பதில் சிவப்புப் பெருக்கல் குறி

அளவைக் குறைப்பதற்காக யாரேனும் இன்சர்ட் செய்வதற்குப் பதிலாக லிங்க் செய்திருப்பார்கள், அல்லது வலைப்பக்கத்திலிருந்து ஒட்டிய படம் வெறும் முகவரியாக வந்திருக்கும். படங்கள் உள்ள கணினியில் கோப்பைத் திறந்து, ஃபைல், இன்ஃபோ பக்கத்தின் வலது கீழ்மூலையில் எடிட் லிங்க்ஸ் டு ஃபைல்ஸ் என்பதைச் சொடுக்கி, சேவ் பிக்சர் இன் டாக்குமென்ட் கட்டத்தை டிக் செய்து இணைப்பை முறியுங்கள். மூலப் படங்கள் எந்தக் கணினியிலும் இல்லையென்றால் அவற்றை மீட்க யாராலும் முடியாது. கோப்பில் முகவரியைத் தவிர வேறொன்றும் இல்லை.

## அறிகுறி: வேர்ட் கோப்பு சிறியது, பிடிஎஃப் பெரியது

சேவ் ஆஸ் வழியாகப் பிடிஎஃப் தேர்ந்தெடுக்கும்போது ஸ்டாண்டர்டு, மினிமம் சைஸ் என இரண்டு தெரிவுகள் தோன்றும். திரையில் படிக்கவும் இணையத்தில் பதிவேற்றவும் இரண்டாவது போதும்.

பிறகு, எழுத்தே படமாக மாறியிருக்கிறதா என்று சோதியுங்கள். பிடிஎஃப்பில் ஒரு வரியைச் சுட்டியால் தேர்ந்தெடுக்க முடியவில்லை என்றால் அதுதான் நோய். அங்கேயே ஆப்ஷன்ஸ் பெட்டியில், புதைக்க இயலாத எழுத்துருக்களைப் பிட்மேப் ஆக்கும் கட்டம் ஒன்று இருக்கிறது. புதைப்பதற்கு அனுமதி தராத பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த ஆவணங்களில் இது பக்கம் பக்கமாக எழுத்தைப் படமாக்கிவிடும். யூனிகோடுக்கு மாற்றுவதே நிரந்தரத் தீர்வு. ஆய்வேட்டை அச்சிட்டு, முழுவதையும் ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக்கும் வழக்கமும் இன்னும் இருக்கிறது. கையொப்பப் பக்கங்களை மட்டும் ஸ்கேன் செய்து மற்றவற்றை வேர்டிலிருந்தே எடுக்கலாம். காந்திநகரில் உள்ள இன்ஃப்லிப்நெட் மையம் நடத்தும் சோத்கங்கா என்ற ஆய்வேட்டுக் களஞ்சியத்துக்கு அத்தியாயம் அத்தியாயமாகவே பிடிஎஃப் செல்வதால், ஒரே கோப்பாக்கி எடை கூட்டிக்கொள்ளத் தேவையும் இல்லை.

## அறிகுறி: கோப்பு திறக்கவே இல்லை

ஓப்பன் பெட்டியில் கோப்பைத் தேர்ந்தெடுத்து, ஓப்பன் பொத்தானை ஒட்டியுள்ள சிறு அம்பைச் சொடுக்கி ஓப்பன் அண்டு ரிப்பேர் கொடுங்கள். பலிக்காவிட்டால் லிபர்ஆபிஸ் ரைட்டர் என்ற இலவச மென்பொருளில் திறந்து பாருங்கள். வேர்ட் கைவிட்ட கோப்பு அங்கே திறந்து நான் கண்டதுண்டு. அதுவும் நடக்காவிட்டால், நகலின் பெயரை ஜிப் என்று மாற்றி மீடியா உறையை வெளியே எடுங்கள், படங்களாவது மிஞ்சும்.

பழுது இல்லை, மிகப் பெரிது என்பதால் மட்டும் வேர்ட் உறைந்துபோகிறது என்றால், ஜிப்புக்குள் இருக்கும் பெரிய படத்தை வெளியே நகலெடுத்துச் சுருக்கி, அதே பெயரிலும் அதே வடிவிலும் உள்ளே திரும்ப வைத்துவிட்டு, பெயரை மீண்டும் டாக்எக்ஸ் ஆக்கலாம். படம் தாளில் எத்தனை அங்குலம் என்பது வேறு இடத்தில் குறிக்கப்பட்டிருப்பதால் அமைப்பு கலையாது.

ஜிப்பும் திறக்காமல், பென்டிரைவ் ஃபார்மட் செய்யச் சொல்லிக் கேட்டால், அங்கேயே நிறுத்துங்கள். ஃபார்மட் செய்யாதீர்கள், அதில் புதிதாக எதையும் எழுதாதீர்கள், இலவச மீட்பு மென்பொருள்களை ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டிப் பார்க்காதீர்கள். தரவு மீட்பு செய்பவரிடம் அப்படியே கொண்டு செல்லுங்கள். மீட்க முடிந்தால் மட்டும் கட்டணமா, சோதிப்பதற்கே கட்டணமா என்பதை ஒப்படைக்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். நெறியாளருக்குக் கடைசியாக அனுப்பிய மின்னஞ்சலில் பழைய வரைவு ஒன்று இருக்கிறதா என்று அதற்கு முன்பே தேடிவிடுவது நல்லது. பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு அங்கேயே கிடைத்திருக்கிறது.